இந்த 8 பாயிண்ட் கை பெரிசா சின்னதா? பிரிட்ஜ் பிட்டிங்ல கையை எடை போடுறது எப்படி

[திரையில் ஒரு கை: ஸ்பேட் கிங், ஜாக், 7, 4. ஹார்ட் 5. டைமண்ட் ஏஸ், 9, 8, 6, 3. கிளப் 10, 6, 2.]

வணக்கம் மக்களே. திரையில இருக்கிற கையை நல்லா பாருங்க. ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1, அப்படி எண்ணினா மொத்தம் 8 பாயிண்ட். இப்ப எதிர்ல உக்காந்திருக்கிற உங்க பார்ட்னர் 1 ஸ்பேட்னு ஓபன் பண்றாரு, அதாவது ஸ்பேடை ட்ரம்பா வெச்சு 6-ஓட 1 சேர்த்து 7 ட்ரிக் (சீட்டு ரவுண்டு) ஜெயிப்போம்னு முதல் பிட் சொல்றாரு. உங்க கை எவ்ளோ பெரிசு? சரி, அதை விடுங்க, அவர் 1 ஸ்பேட் சொல்லல, 1 ஹார்ட் சொன்னாருன்னு வெச்சுக்குவோம். இப்ப எவ்ளோ பெரிசு?

ஒரு சீட்டு கூட மாறல, அதே 8 பாயிண்ட்தான். ஆனா பார்ட்னர் ஸ்பேட் சொன்னா இது கேம் (4 ஸ்பேட் மாதிரி, போனஸ் கிடைக்கிற லெவல்) பக்கம் தள்ளிவிடுற கை, ஹார்ட் சொன்னா எவ்ளோ கீழ நிறுத்த முடியுமோ அவ்ளோ நல்லதுங்கிற கை. புதுசா ஆடுறவங்க பெரும்பாலும் சீட்டை பிரிச்சு பார்த்ததும் ஒரு தடவை எண்ணி "எனக்கு 8"னு மனசுல எழுதி வெச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் அந்த 8-ஐயே பிடிச்சிட்டு இருக்காங்க, மேசையில யார் என்ன சொன்னாலும் அது அசையறதே இல்ல. அதை அசைக்கத்தான் இந்த வீடியோ. ஒவ்வொரு பிட் காதுல விழும்போதும் கையை திரும்ப எண்ணணும்.

[திரையில்: மேசை, நாலு பேர்]

நம்ம சிங்கப்பூர்ல இந்த பழக்கம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு ஒரு கருத்து இருக்கு. இங்க நிறைய பேர் முதல்ல கத்துக்கிறது ஃப்ளோட்டிங் பிரிட்ஜ். ஜூனியர் காலேஜ் கேன்டீன்ல, பாலிடெக்னிக்ல, நேஷனல் சர்வீஸ் பண்ணும்போது ராணுவ கேம்ப்ல, எங்க நாலு பேரும் ஒரு கட்டு சீட்டும் சேர்ந்தாலும் அதுதான் ஓடும். அருமையான ஆட்டம், எனக்கும் ரொம்ப பிடிக்கும். ஆனா அதுல பிட் எடுத்தவர் ஒரு சீட்டை கூப்பிடுவாரு, அந்த சீட்டு யார் கையில இருக்கோ அவர்தான் பார்ட்னர், அது யாருன்னு சீட்டு விழுற வரைக்கும் தெரியாது. அதனால பிட் பண்ணும்போது உங்க கையை மட்டும் பார்த்து முடிவெடுத்தே ஆகணும், வேற வழியில்ல. கை ரொம்ப மோசம்னா வாஷ் கேட்டு திரும்ப கலைச்சுடலாம்.

நாம இங்க பேசுற காண்ட்ராக்ட் பிரிட்ஜ்ல வாஷ் கிடையாது, 2 பாயிண்ட் வந்தாலும் அதை வெச்சு ஆடணும். பார்ட்னர் முதல்லேர்ந்தே எதிர்ல உக்காந்திருக்காரு, அவர் சொல்ற ஒவ்வொரு பிட்டும் உங்களுக்கு வர்ற தகவல், எதிராளி சொல்றதும் தகவல்தான். ஃப்ளோட்டிங்லேர்ந்து வர்றவங்களுக்கு சீட்டு ஆடுற திறமை நல்லாவே இருக்கும், கேக்கிற பழக்கம்தான் இன்னும் வரணும்.

இது வயசானவங்க ஆட்டம்னு நினைக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரு விஷயம்: 2018-ல ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல பிரிட்ஜ் முதல் தடவையா சேர்ந்தப்ப ஆண்கள் டீம் தங்கம் வாங்குனது நம்ம சிங்கப்பூர். அதே போட்டியில ஆண்கள் ஜோடி தங்கம் இந்தியாவோட ப்ரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ரெண்டு பேருக்கும், அதுல பர்தனுக்கு அப்ப 60 வயசு. வயசு இங்க ஒரு தடையே இல்ல, ரெண்டு பக்கமும்.

[திரையில்: 4, 3, 2, 1]

இந்த 4-3-2-1 கணக்கை 1920கள்ல பரப்புனவர் மில்டன் வொர்க்னு ஒரு அமெரிக்கர், அதுக்கப்புறம் சார்ல்ஸ் கோரன் அதை வீட்டுக்கு வீடு கொண்டு போனாரு. மொத்தம் 40 பாயிண்ட், சராசரி கைக்கு 10. ரெண்டு கையும் சேர்ந்து 25, 26 இருந்தா 3 நோ ட்ரம்ப், இல்லன்னா 4 ஹார்ட், 4 ஸ்பேட் வரலாம், 33 இருந்தா ஸ்லாம், அதாவது 12 ட்ரிக் பக்கம் பார்க்கலாம். நோ ட்ரம்புக்கு, அதுவும் ரெண்டு கையும் சமமா பிரிஞ்சிருந்தா, இந்த கணக்கு ரொம்ப நல்லாவே வேலை செய்யும். ட்ரம்ப் வெச்சு ஆடும்போதுதான் அது தடுமாறும்.

ஓபன் பண்றதையே பாருங்க.

[திரையில் ரெண்டு கை. முதல் கை: ஸ்பேட் ஏஸ், கிங், 10, 9, 4. ஹார்ட் ஏஸ், 10, 8, 3. டைமண்ட் 7, 2. கிளப் 6, 5. ரெண்டாவது கை: ஸ்பேட் குயின், ஜாக், 3. ஹார்ட் கிங், ஜாக், 4. டைமண்ட் குயின், 7, 6, 2. கிளப் குயின், ஜாக், 5.]

முதல் கை 11, ரெண்டாவது கை 12. "12 இருந்தா ஓபன்"னு மனப்பாடம் பண்ணவங்க ரெண்டாவதை ஓபன் பண்ணிட்டு முதல் கையை பாஸ் பண்ணிடுவாங்க. நான் நேர்மாறா பண்ணுவேன், யோசிக்கவே மாட்டேன். முதல் கையில பாயிண்ட் எல்லாம் நீளமான சூட்ல உக்காந்திருக்கு, ரெண்டு ஏஸ், ஒரு கிங், துணைக்கு 10, 9. ரெண்டாவதுல ஏஸே இல்ல, குயினும் ஜாக்கும் சூட் சூட்டா சிதறிக் கிடக்கு, பிரிவும் 4-3-3-3, இருக்கிறதுலேயே மந்தமான பிரிவு. 4-3-2-1 கணக்கு ஏஸுக்கு கொஞ்சம் கம்மியா குடுக்குது, குயினுக்கும் ஜாக்குக்கும் கொஞ்சம் அதிகமா குடுக்குது, இதை எப்பவும் மனசுல வெச்சுக்கங்க.

இதுக்கு மார்ட்டி பெர்கன் பிரபலமாக்குன ஒரு ஈஸியான வழி இருக்கு, ரூல் ஆஃப் 20. பாயிண்டோட உங்க நீளமான ரெண்டு சூட்டோட சீட்டு எண்ணிக்கையை கூட்டுங்க, 20 வந்தா ஓபன். முதல் கை 11, அதோட 5, 4, சரியா 20. ரெண்டாவது 12, 4, 3, வெறும் 19.

[திரையில் திரும்ப முதல்ல பார்த்த 8 பாயிண்ட் கை]

இப்ப நம்ம கைக்கு வருவோம், ஏன்னா உண்மையான விஷயம் இங்கதான் இருக்கு.

பார்ட்னர் 1 ஸ்பேட். அவருக்கு குறைஞ்சது 5 ஸ்பேட், உங்ககிட்ட 4, ஆக 9 ட்ரம்ப். உங்க ஒத்தை ஹார்ட் இப்ப சொத்து, ஏன்னா ஒரு ஹார்ட் போனதும் மிச்ச ஹார்ட்டை எல்லாம் உங்க ட்ரம்பால வெட்டலாம். ட்ரம்ப் 4 இருக்கும்போது சிங்கிள்டனுக்கு, அதாவது இந்த மாதிரி ஒத்தை சீட்டுக்கு, 3 பாயிண்ட் சேர்க்கிறது வழக்கம், 8 இப்ப 11. 3 ஸ்பேட்னு தாவி "கேமுக்கு ஆசை இருக்கு, நீங்க சொல்லுங்க"ன்னு கேக்கலாம்.

பார்ட்னர் 1 ஹார்ட். அவரோட நீளமான சூட்ல உங்களுக்கு ஒரே ஒரு சின்ன சீட்டு. வெட்டுறதுக்கு ஒண்ணுமில்ல, ஏன்னா ட்ரம்ப் எதுன்னே முடிவாகல. 1 ஸ்பேட் சொல்லி பாருங்க, அவர் 2 ஹார்ட்னு திரும்பினா பாஸ். சிங்கிள்டனுக்கு இங்க ஒரு பாயிண்ட் கூட சேர்க்காதீங்க. புதுசா ஆடுறவங்க தடுக்கி விழுற இடம் இதுதான், ஃபிட் (ரெண்டு கையும் சேர்ந்து ட்ரம்புக்கு போதுமான ஒரு சூட்) கிடைக்கறதுக்கு முன்னாடியே குட்டை சூட்டுக்கு பாயிண்ட் போட்டுடுவாங்க.

ஃபிட் கிடைச்சப்புறம் எனக்கு பிடிச்ச இன்னொரு கணக்கு, லூசிங் ட்ரிக் கவுண்ட். ஒவ்வொரு சூட்லயும் மேல இருக்கிற மூணு சீட்டை மட்டும் பாருங்க, ஏஸ், கிங், குயின், இதுல எது இல்லையோ அது ஒரு லூசர், ஒரு சூட்ல சீட்டு ரெண்டுதான்னா ரெண்டுக்கு மேல லூசர் வராது, ஒண்ணுன்னா ஒண்ணு. இந்த கையில ஸ்பேட்ல 2, ஹார்ட்ல 1, டைமண்ட்ல 2, கிளப்ல 3, மொத்தம் 8. சாதாரண ஓபனிங் கைக்கு 7 லூசர். ரெண்டையும் கூட்டி 24-லேர்ந்து கழிங்க: 24-ல 15 போக 9 ட்ரிக், அதாவது 3 ஸ்பேட். ரெண்டு கணக்கும் ஒரே இடத்துக்கு வந்து நிக்குது பாருங்க. ஆனா எட்டு சீட்டு ஃபிட்டாவது இருந்தாத்தான் இதை எண்ணணும், நோ ட்ரம்ப்ல எண்ணவே கூடாது.

[திரையில் பார்ட்னருக்கு ரெண்டு கை. ஒண்ணு: ஸ்பேட் ஏஸ், குயின், 9, 5, 3. ஹார்ட் 8, 7, 2. டைமண்ட் கிங், 7. கிளப் ஏஸ், 8, 4. இன்னொண்ணு: ஸ்பேட் ஏஸ், குயின், 9, 5, 3. ஹார்ட் கிங், குயின், 2. டைமண்ட் 7, 4. கிளப் குயின், 8, 4.]

இங்க கொஞ்சம் நின்னு பார்க்கலாம், இதை புரிஞ்சுக்கிட்டா பாதி பிரிட்ஜ் புரிஞ்ச மாதிரி. பார்ட்னருக்கு இந்த ரெண்டு கையில எது இருந்தாலும் 13 பாயிண்ட், 5 ஸ்பேட், பிரிவும் ஒண்ணுதான். உங்க 8-ஓட சேர்த்தா 21. புத்தக கணக்குப்படி கேமுக்கு கிட்டகூட இல்ல.

முதல் கையோட ஆடிப் பாருங்க. அவர் கையில 5 ஸ்பேட் ட்ரிக், உங்க பக்கம் 2 ஹார்ட் வெட்டு, டைமண்ட் ஏஸ், கிங், கிளப் ஏஸ். எண்ணுங்க, 10. போறது ஒரு ஹார்ட், ரெண்டு கிளப், அவ்ளோதான். ட்ரம்ப் நாலும் ஒரே பக்கம் இருக்கிற மாதிரி கெட்ட பிரிவு இல்லன்னா, 21 பாயிண்ட்ல 4 ஸ்பேட் வந்துடும்.

ரெண்டாவது கையோட, கண்ணுக்கு தெரிஞ்சே நாலு ட்ரிக் போகுது: ஹார்ட் ஏஸ், ஒரு டைமண்ட், கிளப் ஏஸும் கிங்கும். எதிராளி சீக்கிரமே கிளப்பை அடிச்சா இன்னும் மோசமாகலாம். அதே 21 பாயிண்ட் எங்க போச்சு? ஹார்ட் கிங், குயின்ல மாட்டிக்கிச்சு. உங்ககிட்ட ஹார்ட் ஒண்ணுதான் இருக்கு, அந்த சூட்ல ஒரு ட்ரிக்குக்கு மேல போகப் போறதே இல்ல, அங்க போய் 5 பாயிண்ட் உக்காந்துக்கிட்டா மழையே இல்லாத நாள்ல குடை பிடிச்ச மாதிரிதான். அதே பாயிண்ட் கிளப்லயும் டைமண்ட்லயும் இருந்திருந்தா ஒவ்வொண்ணும் ஒரு லூசரை மூடியிருக்கும்.

அதனால பார்ட்னர் எங்க குட்டைன்னு தெரிஞ்சா உடனே அந்த சூட்ல உங்க கையை பாருங்க. மூணு சின்ன சீட்டு இருந்தா சந்தோஷப்படுங்க. கிங், குயின் இருந்தா மனசுல இருக்கிற எண்ணை குறைச்சிடுங்க. இதை பார்ட்னருக்கு சொல்றதுக்குன்னே ஸ்பிளின்டர்னு ஒரு பிட் இருக்கு, 1 ஸ்பேடுக்கு மேல 4 ஹார்ட்னு ரெட்டை தாவல் தாவினா "ஸ்பேட் 4 இருக்கு, ஹார்ட் ஒண்ணு இல்ல ஒண்ணுமே இல்ல, கேம் பலம் இருக்கு"ன்னு அர்த்தம். நம்ம 8 பாயிண்ட் கை அதுக்கு பத்தாது. அதனால நீங்க 3 ஸ்பேட் சொல்லி, முதல் 13-ஐ வெச்சிருக்கிற பார்ட்னர் பாஸ் பண்ணி, 10 ட்ரிக் வந்துடுச்சுன்னா அவரை முறைக்காதீங்க. உங்க குட்டை எங்கன்னு அவருக்கு தெரிய வழியே இல்ல.

[திரையில்: ஸ்பேட் ஏஸ், 7. ஹார்ட் ஏஸ், குயின், 9, 6, 3. டைமண்ட் குயின், 8, 4, 2. கிளப் கிங், 5.]

எதிராளி பேசுறதையும் கேக்கணும்னு சொன்னேன்ல. இந்த 15 பாயிண்ட் கையில நீங்க 1 ஹார்ட் ஓபன் பண்றீங்க. இடது பக்கத்து ஆள் 2 கிளப்னு உள்ள வர்றாரு, பார்ட்னர் 2 ஹார்ட். இப்ப உங்க கிளப் கிங்கை யோசிங்க. ஏஸ் பெரும்பாலும் இடது பக்கம், உங்களுக்கு அப்புறம் ஆடுற கையில. வலது பக்கத்து ஆள் ஒரு தடவை உள்ள வந்து கிளப் போட்டாருன்னா உங்க கிங் போச்சு. 15-ஐ 13 மாதிரி நினைச்சுக்கிட்டு பாஸ் பண்ணுங்க, தப்பே இல்ல.

அதே கை, இடது பக்கம் பாஸ், பார்ட்னர் 2 ஹார்ட், வலது பக்கத்து ஆள் 3 கிளப்னு வந்தாருன்னா கதை வேற. ஏஸ் உங்களுக்கு முன்னாடி ஆடுற கையில, அவர் ஏஸ் போட்டா அடுத்த ரவுண்டு உங்க கிங், போடலன்னா இப்பவே உங்க கிங். அந்த 3 பாயிண்ட் முழுசா உங்களுது, கேமுக்கு முயற்சி பண்ணலாம்.

[திரையில்: 2 ஸ்பேட், அதுக்கு மேல 3 ஹார்ட்]

ரெண்டு பக்கமும் போட்டி போடும்போது பாயிண்டை விட ட்ரம்ப் எண்ணிக்கையை நம்புங்க. 1969-ல ழான் ரெனே வெர்ன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ட்ரம்ப் எண்ணிக்கைக்கும் ட்ரிக் எண்ணிக்கைக்கும் இருக்கிற தொடர்பை எழுதினாரு. அதுலேர்ந்து நமக்கு வேணும்ங்கிறது ரொம்ப சிம்பிள்: நம்ம பக்கம் எத்தனை ட்ரம்போ அத்தனை ட்ரிக் வரைக்கும் போட்டி போடலாம். 8 ட்ரம்ப்னா 2 லெவல், 9 ட்ரம்ப்னா 3 லெவல். நீங்க 2 ஸ்பேட், அவங்க 3 ஹார்ட். உங்க பக்கம் 9 ஸ்பேட்னா 3 ஸ்பேட் சொல்லுங்க, ஒண்ணு குறைஞ்சாலும் வல்னரபிள் (போனஸும் அபராதமும் அதிகமா இருக்கிற நிலை) இல்லாதப்ப 50தான் போகும், அவங்க 3 ஹார்ட் வந்திருந்தா 140 போயிருக்கும். 8 ஸ்பேட்தான்னா விட்டுடுங்க. கையில 2 பாயிண்ட் அதிகமா இருக்குன்னு எட்டு ட்ரம்ப்ல மூணாவது லெவலுக்கு போறது புது ஆளுங்க கிட்ட நான் அடிக்கடி பார்க்கிறது, தயவு செஞ்சு வேண்டாம்.

கடைசியா ஸ்கோர். டீம் மேட்ச்ல ஐஎம்பி கணக்குல, அதாவது ரெண்டு மேசை ஸ்கோர் வித்தியாசத்தை சின்ன எண்ணா மாத்துற கணக்குல ஆடுறீங்க, வல்னரபிள், 4 ஸ்பேட் போகலாமா வேண்டாமான்னு ஊசலாடுறீங்க. போய் வந்துட்டா 620, பக்கத்து மேசை கீழேயே நின்னு 170 எடுத்திருந்தா வித்தியாசம் 450, அதாவது 10 ஐஎம்பி லாபம். போய் ஒண்ணு குறைஞ்சா நீங்க மைனஸ் 100, அவங்க 140, வித்தியாசம் 240, 6 ஐஎம்பி நஷ்டம். 10-க்கு எதிரா 6, அதாவது 37.5 சதவீதம் வாய்ப்பு இருந்தாலே போகலாம். வல்னரபிள் இல்லன்னா 6-க்கு எதிரா 5, கிட்டத்தட்ட 45 சதவீதம் வேணும். ஒரே ஒரு ஃபினெஸ் (எதிராளியோட பெரிய சீட்டு இந்தப் பக்கம்தான்னு நம்பி ஆடுறது) சரியா வந்தா போதும்ங்கிற கேம் 50 சதவீதம், அது ரெண்டுக்கும் மேல. பிரிட்ஜ் கிளப்ல ஜோடியா ஆடுற மேட்ச்பாயிண்ட்ல (எத்தனை ஜோடியை முந்துனோம்னு எண்ணுற ஸ்கோர்) இந்த கணக்கு செல்லாது, அங்க பாதிக்கு மேல வாய்ப்பு இருந்தாத்தான் கேம்.

[திரையில்: ஸ்பேட் 8, 6, 2. ஹார்ட் குயின், 9, 7, 3. டைமண்ட் ஏஸ், ஜாக், 8, 4. கிளப் கிங், 5.]

இதை நீங்களே போட்டுப் பாருங்க. பார்ட்னர் 1 ஹார்ட், வலது பக்கத்து ஆள் 2 கிளப், இப்ப உங்க முறை. முதல்ல பாயிண்டை எண்ணுங்க, அப்புறம் லூசரை எண்ணுங்க, அப்புறம் அந்த கிளப் கிங் எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க. எல்லாம் முடிஞ்சதும் 2 கிளப்பை வலது பக்கத்து ஆள் கிட்டேர்ந்து எடுத்து இடது பக்கத்து ஆள் கிட்ட குடுத்துட்டு, முதல்லேர்ந்து திரும்ப எண்ணுங்க. பதிலை அடுத்த வீடியோவுல நாலு கையையும் திறந்து வெச்சு ஆடிக் காட்டுறேன்.