விற்கிறவரே ஏலம் கேட்கலாமா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பழைய வீடியோ கேம் எந்திரங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அதில் ஏலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கேம் சென்டர் வைத்திருக்கும் தம்பிகள் சிலர் ஆன்லைன் ஏலங்களில் இந்த எந்திரங்களைத் தேடுகிறார்கள், விதி என்ன என்று பார்க்காமலே விலை கேட்டுவிடுகிறார்கள்.

காசு போட்டு நின்றபடி ஆடுவோமே, அந்த ஆள் உயரப் பெட்டிகளைத்தான் சொல்கிறேன். 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-ன் பேக்மேன், 1981-ன் டாங்கி காங். அமெரிக்காவில் இவற்றுக்கென்றே தனி ஏலங்கள் உண்டு. கடையை மூடியவர்கள் லாரியில் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார்கள், வாங்க வந்தவர்கள் பட்டனைத் தட்டி, திரையில் பழைய படம் கறையாகப் படிந்திருக்கிறதா, பெட்டிக்குள் ஆட்டத்தை ஓட்டும் மின்சுற்று போர்டு அசல்தானா என்று பார்ப்பார்கள், அப்புறம் ஏலம் தொடங்கும். சிக்கல் என்னவென்றால், எந்திரத்தைக் கொண்டுவந்தவரும் அந்தக் கூட்டத்திலேயே நிற்பார், சில சமயம் தன் எந்திரத்துக்குத் தானே விலை கேட்பார். நினைத்த விலை வராவிட்டால் தானே எடுத்துக்கொண்டு, ஏலம் நடத்துகிறவருக்கு ஒரு கட்டணம் கட்டிவிட்டுத் திருப்பி ஏற்றிப் போய்விடுவார்.

இது தப்பா சரியா?

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருநூறு கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுவந்த எந்திரத்துக்கு அன்றைக்கு ஒரே ஒரு ஆள்தான் கேட்கிறார் என்றால், பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டா போக முடியும்? நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம் நடக்கிறது, வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுகிறார்கள், அதில் அதிக விலை கூடக் கட்டுப்படியாகவில்லை என்றால் விவசாயி கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். அந்த உரிமை எல்லா விற்பனையாளருக்கும் வேண்டும். அதற்குத்தான் குறைந்தபட்ச விலை வைப்பது. இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார், கேட்கிறவரும் தெரிந்தே கேட்கிறார்.

ஆள் வைத்துக் கேட்பது வேறு. ஒரு எந்திரத்துக்கு நீங்கள் நாற்பதாயிரம் வரை போகத் தயார், எதிரில் இருக்கும் உண்மையான ஆள் இருபத்திரண்டோடு நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்மையான ஏலத்தில் இருபத்துமூன்றுக்கு உங்கள் கைக்கு வர வேண்டியது. விற்பவரின் ஆள் இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து என்று ஏற்றிக்கொண்டே போனால் முப்பத்தாறு கொடுத்து எடுப்பீர்கள், எடுத்த பிறகும் போட்டி பலமாக இருந்தது என்றே நினைப்பீர்கள். பதிமூன்றாயிரம் போனதே தெரியாது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நம் நாட்டுச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆவது பிரிவு. குறைந்தபட்ச விலை உண்டு என்று அறிவித்து ஏலம் விடலாம். விற்கிறவர் தானும் கேட்பேன் என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் கேட்கலாம். சொல்லாமல் தானோ ஆள் வைத்தோ கேட்டால் அதை மோசடி விற்பனையாக வாங்கியவர் கருதலாம். விலையை ஏற்றுவதற்காகப் பொய்க் கேட்பு நடந்திருந்தால் வாங்கியவர் விரும்பினால் விற்பனையை ரத்து செய்யலாம்.

அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பில் 2-328 என்ற பிரிவு இன்னொரு வழியும் தருகிறது. ஏமாற்றிக் கேட்டது தெரிந்தால் ரத்து செய்யலாம், இல்லாவிட்டால் கடைசியாக வந்த நேர்மையான கேட்பு விலைக்கே பொருளை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இது ரொம்பப் பிடித்த விதி. அசல் போர்டோடு ஒரு டாங்கி காங் திரும்பக் கிடைப்பது எளிதில்லை, ரத்து செய்து பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு என்ன செய்வது? நம் சட்டத்திலும் அப்படி ஒரு வரி இருந்திருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஊர் தம்பிகள் கவனமாக இருக்க வேண்டும். குறைந்தபட்ச விலை இல்லை என்று ஏல அறிவிப்பில் தெளிவாக எழுதியிருந்தால்தான் இல்லை என்று அர்த்தம். அமெரிக்க ஏலத்தில் ஒன்றும் சொல்லாவிட்டால், விற்கிறவர் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் பொது விதி. அதனால் முதல் விலை கேட்பதற்கு முன்பே இரண்டு கேள்வி எழுதி அனுப்புங்கள்: குறைந்தபட்ச விலை உண்டா, விற்கிறவர் கேட்க அனுமதி உண்டா. பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். மழுப்பினால் அந்த எந்திரத்தை விட்டுவிடுங்கள். போன ஏலத்தில் விற்றுப்போனதாகக் காட்டிய அதே எந்திரம், அதே கீறலோடு மறுபடி வந்தால் காரணத்தைக் கேளுங்கள். நேரில் நடக்கும் ஏலத்தில் சந்தேகம் வந்தால், நம் சட்டப்படி மூன்றாம் தரம் சொல்லி முடிக்கும் வரை உங்கள் கேட்பைத் திரும்பப் பெறலாம்.