மேளம் காய்ச்சிய டீக்கடை

(கும்பகோணத்தில் ஒரு கிராமியக் கலை விழாவில் பேசியது)

காய்ச்சலோடு வந்து அமர்ந்திருக்கும் விழாத் தலைவர் அவர்களே, பந்தலுக்கு மூங்கில் தந்த மரவாடி உரிமையாளர் அவர்களே, குறுவைக்குக் களை எடுக்கிற நேரத்திலும் வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, பெயர் விடுபட்ட பெரியோர்களே, வணக்கம்.

நாளை மறுநாள் ஆகஸ்ட் 9. 1994-இல் ஐ.நா. அறிவித்த உலகப் பழங்குடி மக்கள் நாள். மூன்று விஷயம் பேச வந்தேன். பழங்குடிக் கலையை மேடையேற்றும் முறை ஒன்று. நாகாலாந்தில் 2000 முதல் டிசம்பர்தோறும் நடக்கும் பழங்குடிகளின் ஹார்ன்பில் திருவிழா இரண்டு. நம்ம தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம் மூன்று.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். எல்லா மேடையிலும் இதையே சொல்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

சில வருடம் முன்பு, ஊர்ப்பெயர் வேண்டாம், ஐப்பசி அடைமழையில் கல்யாண மண்டபம் ஒன்றில் விழா. மலையிலிருந்து இருளர் குழு வந்திருந்தது. பஸ் கூரையில் நனைந்த மேளம் தொப் தொப்பென்றது. நெருப்பில் காய்ச்ச வேண்டும். மண்டபத்தில் நெருப்பு கூடாது என்றார் மேலாளர். "அப்படியே அடிங்க, நேரமாகுது" என்றார் அமைப்பாளர். குழுவின் பெரியவர் பதிலே பேசாமல் மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார். விறகடுப்பில் காட்டுவார், ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார், மறுபடி அடுப்பு. சத்தம் ஏறியதுதான் தாமதம், பெண்கள் கடைத் தாழ்வாரத்திலேயே ஆடத் தொடங்கிவிட்டார்கள். மண்டபத்து ஜனம் முழுக்கக் குடையோடு தெருவில். உள்ளே சிறப்பு விருந்தினர், மைக்காரர், அப்புறம் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்த நான்!

ராத்திரி கேடயம் கொடுத்தோம். 'பழங்குடிக் கலைஞர்' என்று பொறித்திருந்தது. பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதக் காட்டினா பேத்திக்கு எஸ்.டி. சான்றிதழ் குடுப்பாங்களாய்யா?" என்றார். பேத்தி பிளஸ் டூ முடித்தவள். மனு மூன்று முறை திரும்பியிருந்தது.

கொள்ளிடம் தாண்டினால் பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டு நீரில் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்தச் சான்றிதழுக்காக அவர்கள் நடந்த நடை கொஞ்சமல்ல. தமிழ்நாட்டுப் பட்டியலில் 37 பழங்குடிகள் உண்டு. மேடைக்கு நம்பி அழைக்கிறோம், மனுவில் மட்டும் சந்தேகம் வந்துவிடுகிறது.

ஆகவே விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருடம் சால்வைச் செலவைக் குறையுங்கள். பந்தலிலேயே ஒரு மேசை போட்டு, கோட்டாட்சியரை அழைத்து, மனுக்களை வாங்கச் சொல்லுங்கள். ஆடிக் கறந்தாயிற்று, பாடிக் கறந்தாயிற்று. இது மனு கொடுத்துக் கறக்கிற மாடு!

செயலாளர் மணியடித்துவிட்டார், மற்ற இரண்டு விஷயமும் இன்னொரு நாள். இந்த வேண்டுகோளுக்கான கையெழுத்துத் தாள் வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.