ஜின், டானிக், நம் அஞ்சறைப்பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். ஜின் என்னும் மதுவையும், டானிக் வாட்டர் என்னும் கசப்பான, வாயு ஏற்றிய பானத்தையும், மணமூட்டும் தாவரப் பொருள்களையும் வீட்டில் கலந்து பார்ப்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். மது அருந்தாதவர்களும் இதைக் கேட்கலாம். நான் சொல்லப்போவதில் பாதி, ஒரு விதையிலிருந்தோ தோலிலிருந்தோ மணத்தை எப்படி வாங்குவது, அதை எங்கே நிறுத்திக்கொள்வது என்பதைப் பற்றியது.

பெரும்பாலும் தானியத்திலிருந்து வடித்த, தனக்கென்று மணமில்லாத சாராயத்தில் ஜூனிபர் என்னும் ஊசியிலைப் புதரின் காய்களின் மணத்தை ஏற்றினால் அது ஜின். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதில் ஆல்கஹால் 37.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஜூனிபர் மணமே மேலோங்கி நிற்க வேண்டும். அதோடு வேறு எவற்றைச் சேர்ப்பது என்பது செய்பவரின் விருப்பம். ஏறக்குறைய எல்லா ஜின்னிலும் ஜூனிபருக்கு அடுத்த இடம் கொத்தமல்லி விதைக்குத்தான். பாம்பே சஃபையர் என்னும் புகழ்பெற்ற ஜின்னில் சேரும் பத்துப் பொருள்களில் கொத்தமல்லி, எலுமிச்சைத் தோல், பட்டை, அதிமதுரம், பாதாம், வால்மிளகு ஆகிய ஆறும் நம்மவர்களுக்கு அறிமுகம் தேவைப்படாதவை. இலங்கையில் உருவான கொழும்பு நம்பர் செவன் என்ற ஜின்னில் கறிவேப்பிலையே சேர்கிறது. ஆகவே, இதை அந்நியமான கலையென்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை. ஜூனிபரை மட்டும் வெளியே தேடி வாங்கினால் போதும். மற்றவற்றை அஞ்சறைப்பெட்டியும் நாட்டு மருந்துக் கடையும் கொடுத்துவிடும்.

இங்கே ஓர் எல்லையைக் குறித்துவிடுகிறேன். வீட்டில் சாராயத்தைக் காய்ச்சி வடிப்பது பிரிட்டனிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் உரிமமின்றிச் செய்தால் குற்றம். நெருப்பு அபாயமும் நச்சு அபாயமும் அதில் உண்டு. நான் பேசுவது, கடையில் முறையாக வாங்கிய வோட்கா என்னும் மணமற்ற சாராயத்தில் மணப்பொருள்களை ஊறவைத்து வடிகட்டுவதைப் பற்றி மட்டுமே.

இந்த வேறுபாடு சட்டத்தோடு நிற்பதில்லை. சுவையையும் அது மாற்றுகிறது. தொழிற்சாலையில் மணப்பொருள்களைச் சாராயத்தோடு சேர்த்துக் காய்ச்சும்போது, எளிதில் ஆவியாகும் மண எண்ணெய்கள் மேலேறிக் குளிர்ந்து வந்துவிடுகின்றன. நிறமும் துவர்ப்பும் பெரும்பகுதிக் கசப்பும் கொப்பரையிலேயே தங்கிவிடுகின்றன. கடையில் வாங்கும் ஜின் தண்ணீர்போலத் தெளிந்திருப்பதன் காரணம் இதுதான். ஊறவைக்கும்போது அந்தப் பிரிப்பு நடப்பதில்லை. முதலில் மணம் வருகிறது, பிறகு நிறம், அதன்பின் துவர்ப்பும் கசப்பும், நெடுநேரம் கொதித்த தேயிலையில் நேர்வதைப்போல. போதாக்குறைக்கு, நாம் கலக்கப்போகும் டானிக் வாட்டரே கசப்பான பானம். கசப்பின்மேல் கசப்பு ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வீட்டுச் சோதனையின் முழுச் சிக்கலும் என்பது என் கருத்து. வீட்டில் செய்து பார்த்துவிட்டு மருந்துபோல இருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர், பத்துப் பொருள்களை ஒரே சீசாவில் போட்டு ஒரு வாரம் மறந்துவிட்டவர்களாக இருப்பார்கள்.

எனவே ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே ஊறவையுங்கள். சிறிய கண்ணாடிக் குப்பிகளில் 100 மில்லிலிட்டர் வோட்கா எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 4 கிராம் ஜூனிபரை இலேசாக நசுக்கிப் போடுங்கள். ஒருநாள் ஊறினால் போதும். இன்னொன்றில் 2 கிராம் கொத்தமல்லி விதையை இரண்டாக உடையும் அளவுக்கு மட்டும் தட்டிப் போடுங்கள். பொடியாக்கினால் வடிகட்ட முடியாது, சாறும் கலங்கிவிடும். எலுமிச்சைத் தோலை வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவி, சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். ஏலக்காய் ஒன்றே ஒன்று, அதுவும் ஓரிரு மணி நேரம். கறிவேப்பிலையைப் பச்சையாக நான்கைந்து இலைகள் போட்டு அரைமணிக்கு ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பச்சை மணம் மாறித் தழை வாடை எழும் முன்னரே வடித்துவிடுங்கள். நான் சொல்லும் நேரங்கள் தொடங்குவதற்கான அளவுகளே. காயின் புதுமைக்கும் அறையின் வெப்பத்துக்கும் ஏற்ப அவை மாறும் என்பதால், கடிகாரத்தைவிட நாக்கையே நம்ப வேண்டும். அதிமதுரம் இனிப்புக்காகச் சேர்க்கப்படுவது. அதன் மண்வாடை எளிதில் மேலேறிவிடும். கிராம்பை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. அதிலுள்ள யூஜினால் என்னும் சேர்மம் நாக்கை மரத்துப்போகச் செய்து, பக்கத்தில் இருப்பவற்றையெல்லாம் அடக்கிவிடுகிறது.

வடித்த சாறுகளைக் கலப்பதற்கு, மருந்துக் கடையில் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க விற்கும் அளவுகோடிட்ட ஊசியில்லாக் குழல் மிக வசதியானது. ஜூனிபர்ச் சாறு பாதி, கொத்தமல்லிச் சாறு கால், மீதி வெறும் வோட்கா என்று 20 மில்லிலிட்டருக்கு மட்டும் கலந்து பாருங்கள். எலுமிச்சையையும் ஏலக்காயையும் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதிவையுங்கள். கலவையை அப்படியே சுவைக்காமல் சம அளவு தண்ணீர் விட்டுச் சுவைப்பது நல்லது. ஆல்கஹாலின் எரிச்சல் தணிந்தால்தான் ஜூனிபரின் பைன் மணமும், கொத்தமல்லியிலுள்ள லினலூல் என்னும் சேர்மத்தின் மலர் மணமும் தனித்தனியே தெரியும். தண்ணீர் பட்டதும் சிலவேளை பால்போலக் கலங்கும். ஆல்கஹாலில் கரைந்திருந்த எண்ணெய்கள், ஆல்கஹாலின் செறிவு குறைந்ததும் பிரிந்து நிற்பதால் வருவது அது, கெட்டுப்போனதன் அறிகுறியன்று.

பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். உணவுக்கென்று விற்கப்படும் ஜூனிபரையே வாங்குங்கள். தோட்டத்து வேலியிலிருந்து பறிக்காதீர்கள். சவின் ஜூனிபர் என்ற இனம் நச்சுடையது, பழகாத கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும். நாட்டு மருந்துக் கடையில் இருக்கும் எல்லாமே பானத்துக்கு ஏற்றவையல்ல. வசம்பின் மணம் ஆசை காட்டும். ஆனால் அதிலுள்ள அசரோன் என்னும் சேர்மம் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியிருப்பதால், அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்ப்பதற்கே தடை இருக்கிறது.

இனி டானிக். அதன் கசப்புக்குக் காரணம் சின்கோனா மரப்பட்டையிலுள்ள குயினைன், நம் முன்னோர் கொயினா என்று சொல்லி மலேரியாவுக்கு விழுங்கிய அதே பொருள். பாரிஸில் பெல்லெத்தியே, கவாந்து என்ற இருவர் 1820இல் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். லண்டனில் 1858இல் ஈராஸ்மஸ் பாண்ட் என்பவர் டானிக் வாட்டருக்குக் காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயரின் ஏற்பாட்டில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சின்கோனா, ஊட்டித் தாவரவியல் தோட்டத்து மெக்கைவரின் கண்காணிப்பில் தொட்டபெட்டாச் சரிவிலும் நடுவட்டத்திலும் வளர்க்கப்பட்டது. இலங்கை மலையகத்தில் காப்பி நோயால் அழிந்ததற்கும் தேயிலை வேரூன்றியதற்கும் இடைப்பட்ட காலத்தில் பல தோட்டங்கள் சின்கோனாவை நம்பியிருந்தன; அந்த மரங்களை உரித்தவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையினர். ஜின்னும் டானிக்கும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த இன்பம் என்று சொல்வோர் அந்தப் பட்டையை உரித்த கைகளையும் கணக்கில் சேர்க்கலாம்.

டானிக் குடித்தால் மலேரியா வராது என்று இன்றும் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அமெரிக்க விதிப்படி ஒரு லிட்டர் டானிக்கில் குயினைன் ஏறத்தாழ 83 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மலேரியாவுக்குப் பெரியவர்களுக்குக் கொடுத்துவந்த அளவோ நாளொன்றுக்கு 1800 மில்லிகிராம். கணக்குப் போட்டால் தினமும் இருபது லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். சின்கோனாப் பட்டைத் தூளை வாங்கி வீட்டிலேயே டானிக் காய்ச்சுவதை மட்டும் நான் ஊக்குவிக்க மாட்டேன். தூளில் எவ்வளவு குயினைன் இருக்கிறது என்பதை வீட்டில் அளக்க வழியில்லை. மிகுந்துவிட்டால் காதில் இரைச்சல், தலைவலி, பார்வை மங்கல் வரை போகும். கர்ப்பிணிகளும், குயினைன் ஒவ்வாதவர்களும் கடையில் விற்கும் டானிக்கையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதிருப்பது நல்லது.

டானிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது சீசாவின் பின்புறத்தில் சர்க்கரை அளவைப் பாருங்கள். சர்க்கரை கசப்பை மறைக்கிறது. எனவே, ஊறவைத்துச் செய்த நம் ஜின்னுக்குச் சற்று இனிப்பான டானிக்கும், கடையில் வாங்கிய தெளிந்த ஜின்னுக்கு இனிப்புக் குறைந்ததும் பொருந்தும். மணமூட்டிய டானிக்குகள் வண்ண வண்ணமாக வந்திருக்கின்றன. சோதனை செய்பவருக்கு அவை இடைஞ்சலே, எந்த மணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமல் போகும். ஒரு பங்கு ஜின்னுக்கு மூன்று பங்கு டானிக் என்று தொடங்கலாம். இரண்டும் முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் வெதுவெதுப்பான நீரில் வாயு தங்காது. பெரிய பனிக்கட்டிகள் மெதுவாகக் கரையும் என்பதால் கோப்பை நிறைய அவற்றை இட்டு, ஜின்னை ஊற்றி, டானிக்கை ஓரமாகச் சரித்துவிட்டு, ஒருமுறை மட்டும் கிளறுங்கள். 40 விழுக்காடுள்ள ஜின் 50 மில்லிலிட்டர் என்பது பிரிட்டன் மருத்துவத் துறையின் கணக்கில் இரண்டு அலகு. வாரத்துக்கு 14 அலகுக்கு மேல் போகாதிருப்பது நல்லது என்பது அவர்கள் அறிவுரை. சோதனைக்குச் சொட்டளவு போதும் என்பதால் இந்த வரம்புக்குள் நிற்பது கடினமில்லை.

கண்ணுக்கும் ஏதேனும் வேண்டும் என்பவர்கள் காய்ந்த நீலச் சங்குப்பூ இரண்டை வோட்காவில் சிலமணி நேரம் போட்டு வையுங்கள். ஆழ்ந்த நீலம் இறங்கும். டானிக்கிலுள்ள சிட்ரிக் அமிலம் பட்டதும் அது ஊதாவாகி, எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பாகும். சுவையில் சங்குப்பூ ஏறக்குறைய ஒன்றும் சேர்ப்பதில்லை. வடித்து வைத்த சாறுகளில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் விரைவில் மணம் இழப்பவை, அவற்றை அவ்வப்போது செய்துகொள்ளுங்கள். ஜூனிபரும் கொத்தமல்லியும் இறுக மூடி இருட்டில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். நன்றி, வணக்கம்.