கசினோ காட் எடுத்தா லாபமா? கணக்கைப் போட்டுப் பார்ப்பம்

(திரையில்: கல்லடிப் பாலம், பின்னேர வெளிச்சம். குரல் மட்டும்.)

வணக்கம். போன கிழமை கல்லடிப் பாலத்தடியில தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கக்குள்ள கூட்டாளி ஒருத்தன் போனை நீட்டினான். கொழும்பில ஒரு கசினோவில இருந்து மெசேஜ். விளையாட விளையாடப் பொயின்ட்ஸ் சேருற கோல்ட் காட் ரெடியாம், வெள்ளி சனி ரூமும் சாப்பாடும் ஃப்ரீயாம். "மச்சான், நான் எப்பிடியும் போறவன்தான். காட்டைப் போட்டு விளையாடினா அந்தளவு மிச்சம்தானே?" எண்டு கேட்டான். அவனுக்கு அந்த இடத்தில ஒழுங்கா விளங்கப்படுத்த முடியாமப் போச்சு. அதுக்காகத்தான் இந்த வீடியோ.

(திரையில்: சூப்பர் மார்க்கட் காட் ஒண்டு, கசினோ காட் ஒண்டு.)

சூப்பர் மார்க்கட்டில அரிசி, பருப்பு வாங்குறம், பொயின்ட்ஸ் விழுது. பொயின்ட்ஸ் இல்லாட்டியும் அரிசி வீட்டுக்கு வந்திரும். கசினோ காட்டில பொயின்ட்ஸ் விழுறது நீங்க வைக்கிற பந்தயத்துக்கு. வெண்டாலும் விழும், தோத்தாலும் விழும். அப்ப அவங்க எதை வச்சு உங்களுக்குச் சாப்பாடு தாறாங்க?

ரூலெட் சக்கரத்தை எடுப்பம். சுத்துற சக்கரத்தில ஒரு பந்தை விடுவாங்க, அது ஒரு குழியில விழும். ஒண்டில இருந்து 36 வரைக்கும் இலக்கம், அதோட ஒரு பூச்சியம். மொத்தம் 37 குழி. நீங்க ஒரு இலக்கத்தில வச்சு விழுந்தா 35 மடங்கும் நீங்க வச்ச காசும் தருவாங்க, மொத்தம் 36 மடங்கு. 37 குழி இருக்க 36 மடங்கு. அந்த இடைவெளிதான் கசினோவின்ட வருமானம், நூற்றுக்கு 2.7. ரெண்டு பூச்சியம் உள்ள சக்கரம் எண்டா 5.26.

(திரையில்: கணக்கு ஒவ்வொரு வரியா எழும்பும்.)

ஒரு சுற்றுக்கு ஆயிரம் ரூபா, மணித்தியாலத்துக்கு 40 சுற்று, நாலு மணித்தியாலம் எண்டு வைங்க. பந்தயம் வச்ச மொத்தக் காசு 160,000 ரூபா. அதில 2.7 வீதம் கிட்டத்தட்ட 4,320 ரூபா. அண்டைக்கு நீங்க வெல்லலாம், தோக்கலாம். அது அவங்களுக்குப் பிரச்சினை இல்ல. இப்பிடி ஆயிரம் பேர் விளையாடினா ஆளுக்குச் சராசரியா இவ்வளவு தங்கும் எண்டு அவங்களுக்குத் தெரியும். உங்கட பேருக்கு நேரா எழுதுறது இந்தத் தொகையைத்தான், நீங்க உண்மையா வெண்டதையோ தோத்ததையோ இல்ல. இதில ஒரு பங்குதான் சாப்பாடா, ரூமா திரும்பி வரும். ஐஞ்சில ஒரு பங்கு எண்டு வச்சாலும் 864 ரூபா. கூட்டாளி சொன்ன ஃப்ரீ சாப்பாட்டுக்கு 4,320 ரூபா முதலே வெட்டியாச்சு.

வாசல்ல இன்னொண்டு இருக்கு. இலங்கைப் பிரஜை கசினோவுக்குள்ள போக நுழைவு வரி கட்டணும். 50 டொலரா இருந்ததை 2025ல 100 டொலர் ஆக்கினாங்க. எங்கட காசில கிட்டத்தட்ட முப்பதாயிரம். மட்டக்களப்பில இருந்து இரவு ரயில் ஏறிப் போற டிக்கட்டை நான் இன்னும் சேர்க்கல்ல.

காசைப் போட்டுப் பட்டனை அமத்துற ஸ்லொட் மெசினில இது இன்னும் வேகம். இருபதாயிரத்தோட போறவர் இருபதாயிரத்துக்குத்தான் விளையாடுறார் எண்டு நினைப்பார். ஆனா வெண்ட சில்லறையைத் திருப்பித் திருப்பிப் போடுறார். நூறு ரூபாப்படி மணித்தியாலத்துக்கு 500 தரம் அமத்தினா ஐம்பதாயிரம் ரூபா பந்தயம். கசினோவின்ட பங்கு அந்த ஐம்பதாயிரத்தில இருந்து போகும். பொயின்ட்ஸ் மளமளவெண்டு ஏறுறதும் அதாலதான். காட்டில இலக்கம் ஏற ஏற எங்கயோ காசு இறங்கிக்கிட்டு இருக்கு.

(திரையில்: பழைய கசினோ மண்டபம்.)

இந்தக் காட் யாருக்காகச் செஞ்சது? அமெரிக்காவில ஹராஸ் எண்ட கசினோ கம்பனி 1997ல டோட்டல் கோல்ட் எண்டு ஒரு காட் திட்டம் தொடங்கினது. அடுத்த வருசம் ஹார்வர்ட் பேராசிரியரா இருந்த கேரி லவ்மன் அங்க வேலைக்கு வந்தார். காட்டில சேர்ந்த விபரங்களைத் தோண்டிப் பார்த்தா, வாடிக்கையாளரில 26 வீதம் பேரிட்ட இருந்து வருமானத்தில 82 வீதம் வருது. யார் இந்த ஆக்கள்? பெரிய காரில வந்து இறங்குற கோடீஸ்வரர் இல்ல. நடுத்தர வயசு ஆக்கள், வயசு போன ஆக்கள், வாத்தியார், மெசின் வேலைக்காரர் மாதிரி வேலை செஞ்சவங்க. நேரமும் கொஞ்சம் காசும் உள்ளவங்க. அவங்களை மறுகா வரப்பண்ணுறதுக்குத்தான் காட். சில்வர், கோல்ட், பிளாட்டினம் எண்டு படி வச்சு, வருசம் முடிய அந்தப் படி இறங்கிரும் எண்டும் வைக்கிறது அதுக்குத்தான். டிசம்பரில கோல்டைக் காப்பாத்த எண்டே போற மனிசர் இருக்காங்க. அதை நினைச்சா எனக்கு நெஞ்சு பதறும்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில்ல வனவாசமும் தீ மிதிப்பும் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்க. வியாசர் சொன்ன கதையில அந்த வனவாசம் முதல் சூதாட்டத்தில வந்ததில்ல. முதல்ல தோத்த நாட்டைத் திருதராட்டிரன் திருப்பிக் குடுத்திட்டான். தருமர் வீட்டுக்குப் போற வழியில இன்னொரு அழைப்பு வந்தது. போனார்.

(திரையில்: போன், தொடர்ந்து வாற மெசேஜ்கள்.)

கொழும்புக்குப் போகாதவருக்கும் இப்ப போனில வருது. ஒன்லைன் கசினோ, பத்தாயிரம் ரூபா போனஸ். சின்ன எழுத்தில 35 மடங்கு விளையாடினாத்தான் எடுக்கலாம் எண்டிருந்தா, நீங்க 350,000 ரூபாவுக்குப் பந்தயம் வைக்கணும். அவங்கட பங்கு 4 வீதம் எண்டாக் கூட 14,000 ரூபா. பத்தாயிரம் வாங்கப் பதினாலாயிரம்.

அப்ப காட் எடுக்கிறதா, இல்லையா? காட் இருந்தாலும் இல்லாட்டியும் அதே நாள், அதே நேரம், அதே காசுதான் எண்டு உண்மையாவே இருக்கக்கூடிய ஆளுக்கு அது ஒரு சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடிச்சுக் குடுக்கும். அப்பிடி ஒருத்தரை நான் இன்னும் காணல்ல. கூட்டாளிக்கு நான் சொன்னது வேண்டாம் எண்டுதான்.

ஏற்கனவே காட் வச்சிருக்கிறவங்க ஒண்டு செய்யுங்க. அந்த இடத்தில உங்கட ஒரு வருசக் கணக்கைக் கேளுங்க: எவ்வளவு பந்தயம், எவ்வளவு தோல்வி. தந்தாங்க எண்டா வீட்டில மனிசியோட, இல்லாட்டி அக்காவோட இருந்து வாசியுங்க. விளம்பர மெசேஜை நிப்பாட்டச் சொல்லுங்க. நிப்பாட்ட ஏலாம இருக்கு, கடன் ஏறுது, நித்திரை வருதில்ல எண்டா 1926க்கு எடுங்க. தேசிய மனநல நிறுவனத்தின்ட இலக்கம், இரவிலயும் எடுக்கலாம்.

(திரையில்: 1926.)