கச்சானை வேலைக்கு வைப்போம்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தம் முடிந்த கையோடு மட்டக்களப்பில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் வருவது காற்றைப் பற்றிய பேச்சுத்தான். "என்னகா இந்தக் கச்சான், ஆளைப் பொசுக்குது" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர் தன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இறங்கிவிட்டது என்று சொல்லுவார். வளவில் வாழையிலை நார் நாராய்க் கிழிந்து தொங்கும். முற்றத்து மணல் கேட்காமலே வீட்டுக்குள் வரும். கொடியில் போட்ட சேலை, திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்து விறைத்து நிற்கும். சேலையை இந்த வேகத்தில் காயவைக்கிற காற்று பழத்தை என்ன பாடு படுத்தும் என்று யோசிப்பவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

மனைப்பொருளியல் படிப்பித்த பழக்கம், காரணம் சொல்லாமல் விடமாட்டேன். கச்சான் என்று நாம் சொல்கிற தென்மேற்குப் பருவக்காற்று கடலில் அள்ளிய ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம், மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதனிடம் ஈரம் மிச்சமில்லை. இறங்க இறங்கச் சூடும் ஏறுகிறது. நமக்கு மழை என்றால் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரைதான். மாரி பிடித்துவிட்டால் ஒரு பிடி மிளகாயை வெளியில் வைக்க முடியாது. ஆக, பழத்தைப் பதப்படுத்த இயற்கை நமக்குத் தருகிற தவணை ஆவணியும் புரட்டாதியும்தான். இந்த இரண்டு மாதமும் கதவைச் சாத்திக்கொண்டு காற்றைத் திட்டினால் யாருக்கு நட்டம்?

சரி, வளவில் இப்போது என்ன இருக்கிறது? மாமரத்தில் உச்சிக் கொப்பில் எட்டாத நாலு காய். கொய்யா, அணில் பாதி நாம் பாதி. தேசி, பப்பாசி எப்போதும்போல. எங்கள் வீட்டுக் கோடியில் ஒரு விளாமரம் நிற்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இந்தக் கரையோரத்துத் தென்னையையெல்லாம் சாய்த்த இரவில் அசையாமல் நின்ற மரம் அது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அதன் கீழே ஒரு கதிரையைப் போட்டால், அதே கச்சான் இலைக்குள்ளால் வடிந்து வேறொரு காற்றாக வரும். தேநீரும் கையில் இருந்தால் நான் ஆறு மணி வரை எழும்பமாட்டேன். வீட்டுத் தோட்டம் என்றதும் கத்தரி எத்தனை கிலோ, வெண்டி எத்தனை கிலோ என்று கணக்குக் கேட்கிறார்கள். இப்படிச் சும்மா இருக்கிற நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

விளாம்பழத்துக்கு இதுதான் பருவம். பிள்ளையார் சதுர்த்திக்குப் படையலில் வைக்கிறோமே, அந்தச் சுலோகத்தில் வருகிற கனிகள் விளாவும் நாவலும்தான். பழுத்ததா இல்லையா என்று ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு அடி உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் போட்டுப் பாருங்கள். துள்ளினால் காய். 'தொப்' என்று விழுந்த இடத்தில் கிடந்தால் முற்றியது. முற்றியதைச் சாக்கில் பரப்பி இரண்டு கிழமை வெயிலில் விடுங்கள், உள்ளே நன்றாகக் கனிந்துவிடும். கனிந்ததற்குச் சாட்சி மணம். உடைக்கும் முன்பே அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

ஜாம் காய்ச்சுவதாக இருந்தால் நான் முதலில் சொல்வது விளாம்பழத்தைத்தான். ஜாம் இறுகுவதற்கு மூன்று பொருள் வேண்டும்: பெக்டின் என்கிற பழத்துப் பசை, புளிப்பு, சீனி. முதல் இரண்டையும் விளாம்பழம் தன்னிடமே வைத்திருக்கிறது. ஓட்டை அம்மிக்கல்லில் தட்டிப் பிளந்து சதையைத் தோண்டி எடுங்கள். உள்ளே பூஞ்சணம் கண்டால் முழுப் பழத்தையும் எறிந்துவிடுங்கள், ஒரு பக்கத்தைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். சதை மூடுமளவுக்குக் கொதித்தாறிய தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து, அரிதட்டில் தேய்த்து வடித்தால் விதையும் நாரும் மேலே நின்றுவிடும். வடித்த கூழ் எத்தனை கோப்பையோ அத்தனை கோப்பை சீனி. அடிப்பாகம் தடித்த சட்டி, நடுத்தர நெருப்பு, நீண்ட காம்புள்ள அகப்பை. காம்பு நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தடிக்கத் தொடங்கியதும் கூழ் கொப்பளித்துத் தெறிக்கும், கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டு, சற்றுப் பொறுத்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே ஆடை சுருங்கினால் இறக்கலாம். வெப்பமானி உள்ளவர்களுக்கு 105 பாகை செல்சியஸ். போத்தல்களைப் பத்து நிமிடம் தண்ணீரில் அவித்து, ஈரம் போகக் காயவைத்து, சூட்டோடு சூடாக ஊற்றி மூடுங்கள். துருப்பிடித்த மூடி கூடவே கூடாது.

ஆனால் எல்லாப் பழத்தையும் ஜாம் ஆக்கத்தான் வேண்டுமா? நம் ஊரில் சீனிக்கும் விலை, சீனி வருத்தத்துக்கும் குறைவில்லை. காசில்லாமல் வெயில் கொட்டிக் கிடக்கிறது, உப்பும் மலிவு. தேசிக்காயைப் பாருங்கள். கழுவித் துடைத்து, அடி பிளந்துபோகாமல் நாலாகக் கீறி உப்பை அடைக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 200 முதல் 250 கிராம் வரை உப்பு. கண்ணாடிப் போத்தலிலோ சாடியிலோ போடுங்கள், அலுமினியப் பாத்திரத்தை இந்தப் புளிப்பு அரித்துவிடும். சில நாளில் தோல் இளகித் தண்ணீர் விடும். பிறகு பகலில் வெயில், இரவில் திரும்ப அந்த உப்புத் தண்ணீர். தோல் கருமஞ்சளாகிச் சுருங்கும் வரை இதே வேலைதான். கச்சான் அடித்தால் சீக்கிரம் முடிந்துவிடும். அப்படிக் காய்ந்ததை மிளகாய்த்தூளும் வினாகிரியும் சேர்த்து மூடி வைத்தால், மாரியில் கறிபுளிக்கு வழியில்லாத நாளிலும் சோறு இறங்கும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்துச் சகோதரிகள் பிரியாணிக்கு வைக்கிற அச்சாறு பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை. அதை அவர்களே இங்கே வந்து சொல்ல வேண்டும்.

உச்சிக் கொப்பு மாம்பழத்துக்கு வருவோம். பனம்பழக் கூழில் பனாட்டுப் போடுகிற மாதிரியே மாம்பழக் கூழையும் காயவைக்கலாம். மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்த பிறகு அதற்கு மேல் அடுத்த பூச்சு. தடிப்பாக ஊற்றினால் மேலே காய்ந்து உள்ளே புளித்துவிடும். பாயில் நேரே பூசினால் உரித்தெடுக்க முடியாது. மட்டக்களப்பார் ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் கதை கட்டியது இதைப் பார்த்துத்தானோ என்னவோ! எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, தட்டைப் பாய்மேல் வையுங்கள். எதைக் காயவைத்தாலும் மேலே வலைத்துணி போட்டு நாலு பக்கமும் கல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தெருப் புழுதியும் ஈயும் பங்குக்கு வரும். பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிடுங்கள், இரவு ஈரம் பகல் முழுக்கக் காய்ந்ததைப் பாழாக்கும்.

பப்பாசி விடயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அதில் புளிப்பு மிகக் குறைவு. தனியே காய்ச்சிப் போத்தலில் அடைத்தால் இறுகவும் மாட்டாது, இருக்கவும் மாட்டாது. ஒரு கிலோ கூழுக்கு நாலைந்து தேசிக்காயின் சாறு கட்டாயம் விடுங்கள். புளிப்பே இல்லாத காய்கறி, பலாக்கொட்டை போன்றவற்றை வெறும் தண்ணீரில் அவித்துப் போத்தலில் அடைத்து வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். காற்றுப் புகாத இடத்தில் வளரும் கிருமி ஒன்று உண்டு, அதன் நஞ்சு நிறத்திலோ மணத்திலோ காட்டிக் கொடுக்காது, ஆனால் உயிரை எடுக்கும்.

இன்னொன்று, மரத்தடியில் புழு வைத்து விழுந்த மாங்காயையும் கொய்யாவையும் அப்படியே விடாதீர்கள். அந்தப் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி, ஈயாக எழும்பி, அடுத்த காய்ப்பில் திரும்ப வரும். பொறுக்கிக் கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். புழு அவிந்துவிடும்.

புதிதாக மரம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் கன்றுக்கு அவசரப்பட வேண்டாம், குழிக்கு அவசரப்படுங்கள். 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை மணலில் தண்ணீர் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்குங்கள். மேலே சருகு, மாட்டெரு, மேல்மண். விளா என்றால் ஒட்டுக்கன்றாகக் கேட்டு வாங்குங்கள், விதையில் முளைத்தது காய்க்கப் பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரை நேயர்கள் யானை வேலிக்கு உட்பக்கம் பார்த்து வெட்டுங்கள், யானைக்கும் விளாம்பழம் என்றால் உயிர். குழி இப்போது தயாராக இருந்தால், முதல் மழை விழுந்த மறுநாளே கன்றை இறக்கிவிடலாம்.

வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.