சட்டத்துக்குள் ஒரு சிப்பாய்: கொடி தெரிகிறது, பெயர் எங்கே?

[திரையில்: துக்க உடையில் ஒரு சிறுமி, கையில் சட்டம் போட்ட ஒரு படம்]

இந்தப் படத்தை அவசரப்படாமல் பாருங்கள். ஒரு சின்னப் பெண், உடையில் துக்கத்துக்கான ரிப்பன், கழுத்தில் ஒரு மாலை. கையில் சட்டம் போட்ட ஒரு போட்டோ. அந்தப் போட்டோவில் வாளோடும் தொப்பியோடும் இருக்கும் குதிரைப்படை வீரர் அவளுடைய அப்பா. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் படம் இது, அதாவது 1861-லிருந்து 1865 வரை நடந்த போர். அப்பா போரில் இறந்திருக்க வேண்டும் என்று இந்தப் படத்தை வைத்திருக்கும் காங்கிரஸ் நூலகம், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகம், கணிக்கிறது. அந்தப் பெண் யார், அப்பா யார், இரண்டும் தெரியாது.

நாட்டைப் பிரியவிடாத வடக்கு, பிரிந்துபோன தெற்கு மாநிலங்கள் என்று இரண்டு தரப்பிலும் சேர்த்து 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த போர் அது. பட்டாளத்துக்குப் போகிறவன் கிளம்புவதற்கு முன்னால் சீருடையோடு ஒரு படம் எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான், இல்லையென்றால் முகாமில் எடுத்துத் தபாலில் அனுப்புவான். போட்டோக்காரர்களும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாகப் போனார்கள்.

[திரையில்: ஒரு டின்டைப், பாகம் பாகமாகப் பிரிகிறது]

சரி, இது எப்படிச் செய்யப்பட்டது? அன்றைக்குப் பரவலாக இருந்தவை இரண்டு வகை. ஒன்று ஆம்ப்ரோடைப், கண்ணாடியில் விழும் படம், பின்னால் கறுப்புப் பூச்சோ கறுப்புத் துணியோ வைத்தால்தான் முகம் சரியாகத் தெரியும். இன்னொன்று டின்டைப், 1856-ல் காப்புரிமை பெற்றது, கறுப்பு வார்னிஷ் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டில் எடுப்பது. இரும்பு என்பதால் உடையாது, எனவே தபாலில் அனுப்பலாம், சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம், சிப்பாய்களுக்கு இதைவிட வசதியானது எது? தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கழுவி, கொஞ்ச நேரத்திலேயே கையில் கொடுத்துவிடுவார்கள். சில விநாடி அசையாமல் இருக்க வேண்டும், அதற்காகத் தலைக்குப் பின்னால் ஒரு இரும்புத் தாங்கி வைப்பார்கள். நிற்கிறவருடைய காலுக்குப் பின்னால் அதன் அடிப்பாகம் எட்டிப் பார்ப்பதைப் பல படங்களில் காணலாம்.

நெகட்டிவ் கிடையாது. ஒரு தகடு, ஒரே படம், தொலைந்தால் தொலைந்ததுதான். டின்டைப்பில் உருவம் இடவலம் மாறித்தான் விழும், அதனால் பெல்ட் வில்லையில் இருக்கும் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பித் தெரியும், சட்டைப் பொத்தான்கள் தப்பான பக்கம் இருக்கும். துப்பாக்கியை இடது கையில் பிடித்திருக்கும் சிப்பாயைப் பார்த்து இடக்கைக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். படத்தின் மேல் மெல்லிய பித்தளைத் தகடு, நடுவில் முட்டை வடிவத்திலோ வளைவாகவோ ஒரு திறப்பு. அதற்கு மேல் கண்ணாடி. மூன்றையும் சேர்த்து ஓரத்தில் இன்னொரு பித்தளைப் பட்டியை மடித்துப் பிடித்து, அப்படியே ஒரு கூட்டுக்குள் அழுத்தி வைப்பார்கள். எதிர்ப்பக்கம் வெல்வெட், பெரும்பாலும் சிவப்பு. புத்தகம்போல மூடித் திறக்கலாம். அதிகம் விற்ற அளவு இரண்டே முக்கால் அங்குலத்துக்கு மூன்றே கால் அங்குலம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கூடு மரத்தில் செய்து தோல் ஒட்டியதாக இருக்கும், இல்லையென்றால் அரக்கும் மரத்தூளும் கலந்து சூடான அச்சில் அழுத்தியதாக இருக்கும்.

போர் வந்ததும் தேசப்பற்று இந்தப் பித்தளைக்குள்ளும் புகுந்துவிட்டது. கொடி, பீரங்கி, கழுகு, நட்சத்திரம் எல்லாவற்றையும் தகட்டில் அச்சாக அடித்தார்கள். ஸ்டூடியோவில் பின்னால் தொங்கும் திரையிலும் கூடாரமும் கொடியும் வரைந்திருப்பார்கள். அப்புறம் சின்னத் தூரிகையால் கன்னத்தில் லேசாகச் சிவப்பு, பொத்தானில் தங்க நிறம். கையில் இருக்கும் கைத்துப்பாக்கியும் கத்தியும் பல நேரம் போட்டோக்காரர் கொடுத்தவை. ஆக, முகம் மட்டும்தான் அவனுடையது, சுற்றியிருக்கிற அத்தனையும் எல்லாருக்கும் பொதுவானது. எனக்கு இந்தப் படங்களில் மனசைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

ஆனால் அந்தப் பொதுவான அடையாளமே பெரிய விஷயமாக இருந்தவர்களும் உண்டு. கறுப்பின வீரர்களைச் சொல்கிறேன். சுமார் 1,79,000 பேர் வடக்கின் ராணுவத்தில் சேர்ந்தார்கள், அவர்களில் பலர் அதற்கு முன்பு அடிமைகள். கறுப்பின மனிதன் ஒருமுறை கழுகுப் பொத்தான் வைத்த சீருடையைப் போட்டுத் துப்பாக்கியைத் தோளில் ஏந்திவிட்டால், அவன் குடியுரிமையை உலகில் எந்தச் சக்தியாலும் மறுக்க முடியாது என்று, அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1863-ல் பேசினார்.

[திரையில்: சீருடையில் கறுப்பின வீரர், மனைவி, இரண்டு மகள்கள்]

இந்தக் குடும்பத்தைப் பாருங்கள். மகள்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி தொப்பி. யாரோ உட்கார்ந்து பார்த்துப் பார்த்து உடுத்தி விட்டிருக்கிறார்கள். படம் கிடைத்த இடம் மேரிலாந்து மாநிலத்தின் செசில் கவுன்டி, எனவே அந்த மாநிலத்தில் திரட்டிய கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றைச் சேர்ந்தவராக இருக்கலாம். இவர்கள் பெயரும் தெரியாது.

ஏன் இத்தனை பேருக்குப் பெயர் இல்லை? வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த முகத்துக்கு யார் பெயர் எழுதி வைக்கப்போகிறார்கள்? அம்மா போனாள், தங்கை போனாள், வீடு கைமாறியது, கூடு பழைய சாமான் விற்கிறவரிடம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். சில கூடுகளில் மட்டும் ஒரு கற்றை முடியும் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும்.

இதற்கு நேர் எதிராக நடந்த கதை ஒன்று உண்டு. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டையில் இறந்த ஒரு சிப்பாயிடம் பெயரோ அடையாளமோ எதுவும் இல்லை. கையில் இருந்தது மூன்று குழந்தைகளின் ஆம்ப்ரோடைப் ஒன்று மட்டும். பிலடெல்பியாவைச் சேர்ந்த டாக்டர் போர்ன்ஸ் அதை வைத்துக் குடும்பத்தைத் தேடினார். அன்றைக்குப் பத்திரிகையில் போட்டோ அச்சிட முடியாது, அதனால் படத்தை வார்த்தையால் வர்ணித்து எழுதினார்கள்: மூத்த பையனின் சட்டையும் பெண் குழந்தையின் கவுனும் ஒரே துணியில் தைத்தவை. அக்டோபரில் வந்த அந்தச் செய்தி கைமாறிக் கைமாறி நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் ஊரில் ஃபிலிண்டா ஹுமிஸ்டன் என்ற பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. கணவருக்கு அப்படி ஒரு படத்தை அனுப்பியிருந்தவர் அவர். படத்தின் நகல் வந்ததும் தெரிந்துவிட்டது, இறந்தவர் சார்ஜென்ட் ஏமஸ் ஹுமிஸ்டன். அந்தப் படத்தின் நகல்களை விற்று நிதி திரட்டினார்கள், 1866-ல் கெட்டிஸ்பர்க்கில் போர் அனாதைகளுக்கு ஓர் இல்லம் திறந்தார்கள்.

இன்றைக்கும் பெயர் தேடும் வேலை நடக்கிறது. படத்தின் பின்னால் வரி ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் அது 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையில் விற்றது, ஏனென்றால் அந்த இரண்டு வருஷம்தான் போட்டோவுக்கு அந்த வரி இருந்தது. தொப்பியில் படைப்பிரிவின் எண் இருந்தால் இன்னும் நல்லது. 2018-ல் தொடங்கிய சிவில் வார் போட்டோ ஸ்லூத் என்ற தளம் முகங்களைக் கணினியால் ஒப்பிட்டுப் பெயர் கண்டுபிடிக்க உதவுகிறது.

நான் காட்டிய சிறுமியின் படமும் மேரிலாந்துக் குடும்பத்தின் படமும் லில்ஜென்குவிஸ்ட் குடும்பம் சேகரித்து, 2010-லிருந்து காங்கிரஸ் நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்த தொகுப்பில் இருக்கின்றன. நூலகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பெரிய அளவிலேயே இறக்கிக்கொள்ளலாம். பெரிதாக்கிப் பார்க்கும்போது முகத்தோடு நிறுத்தாமல் பித்தளை ஓரம், பொத்தான், காலுக்குப் பின்னால் இருக்கும் தாங்கி எல்லாவற்றையும் பாருங்கள். எண்ணோ எழுத்தோ கண்ணில் பட்டால், அது இடவலம் மாறியிருக்கும் என்பதை மறக்காமல் படத்தைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள்.