மீதி ஆறு தடவை

[காட்சி: குன்னூர். தேயிலைத் தோட்ட லைன் வீடு. அடுப்புக்குப் பக்கத்தில் பாய். ஒரு சிறுமியின் கால்கள்.]

குரல்: என் அக்கா மகளுக்கு ஏழு வயது. மூளை முடக்குவாதம். வலது குதிகால் தரையில் படாது. முன்பாதத்தை ஊன்றித்தான் நடப்பாள். ஜனவரிக் குளிரில் கெண்டைக்கால் இன்னும் விறைத்துக்கொள்ளும். அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெல்ல மேலே தள்ளிப் பிடிப்பார். அதுவரை சரி. "எழுந்து எழுந்து உட்காரு, பத்து தடவை" என்றால், நாலாவதிலேயே "போதும்மா" என்று பாயில் சரிந்துவிடுவாள்.

அந்த மீதி ஆறு தடவையைப் பற்றித்தான் இந்த வீடியோ.

[காட்சி: காலின் எலும்பு, தசை வரைபடம்.]

குரல்: ஏன் இத்தனை தடவை? மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதில்லை. ஆனால் பிள்ளை வளர்கிறாள். எலும்பு நீளும் வேகத்துக்கு விறைத்த தசை நீளாது. நாளாக நாளாக மூட்டு இறுகும். பழகாத அசைவை மூளை கற்றுக்கொள்வதும் திரும்பத் திரும்பச் செய்துதான்.

[காட்சி: வெள்ளை நிறக் குட்டி ரோபோ நாற்காலியிலிருந்து எழுகிறது.]

குரல்: இது நாவோ. பிரான்சில் உருவானது, உயரம் 58 செ.மீ. மெல்போர்னில் உள்ள ராயல் குழந்தைகள் மருத்துவமனையில் இதைப் பிசியோதெரபிக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். நாவோ பயிற்சியைத் தானே செய்துகாட்டும், பிள்ளையும் கூடவே செய்யும். ஸ்பெயினில் இன்னொரு குழு, பிள்ளையின் கை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று கேமரா வழியாகப் பார்த்து, ரோபோவே திருத்தும்படி செய்தது.

நாம் சொன்னால் பிள்ளைக்கு அது வேலை. தன்னைவிடக் குள்ளமான ஒன்று கூடவே செய்தால் விளையாட்டு. எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று: செய்துகாட்டும் வேலையை ரோபோ எடுத்துக்கொண்டால், தெரபிஸ்டின் இரண்டு கையும் பிள்ளையின் இடுப்பையும் முட்டியையும் பிடித்துச் சரிசெய்ய மிச்சமாகும். தசையை நீட்டிவிட நாவோவால் ஆகாது. முகம் சுளிப்பதைப் பார்த்து, வலிக்கிறது என்று புரிந்து நிறுத்துவதும் மனிதர்தான். விலையும் லட்சக்கணக்கில். நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை.

[காட்சி: மறுபடி அதே பாய். எதிரே ஐந்து வயதுத் தம்பி.]

குரல்: மலையேறி நாவோ வரும்வரை அந்தக் கால் காத்திருக்காது. அக்கா இப்போது தம்பியை எதிரே உட்கார வைத்திருக்கிறார். அவனும் கூடவே எழுந்து உட்காருகிறான், சத்தமாக எண்ணுகிறான்: "ஆறு, ஏழு, ஒம்பது..."

"டேய், எட்டை விட்டுட்ட!"

எட்டுக்காக அவள் மறுபடி எழுந்து நிற்கிறாள்.